பெடிக்யூர் தொட்டியும் கல்யாண வீட்டுக் கால்களும்

ஃபேஷியலுக்கு வருகிறவர்கள் கண்ணாடியைப் பார்ப்பார்கள். பெடிக்யூருக்கு வருகிறவர்கள் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்கள். தொட்டி கழுவியே இடுப்பொடிந்த சகோதரிகளே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

குளத்து நியாயம்

செஞ்சி கடைவீதியில் எங்கள் பார்லருக்கு ஒரு மளிகைக்கடைக் குடும்பம் வந்தது. கல்யாணப் பெண், இரண்டு சித்திகள், ஓர் அத்தை. அன்றைக்குக் கால் மட்டும்தான்; பிடித்துப்போனால் கல்யாண அலங்காரம் மொத்தமும் எங்களுக்கு. திறந்து சில மாதமே ஆன கடை. அந்த ஆர்டர் வந்தால்தான் நிற்கும்.

பெண் காலை எடுத்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டு, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீர் நிரப்பிப் பத்து நிமிடம் விட்டேன். ஒவ்வொருவருக்கும் இப்படித்தான். பெரிய சித்திக்குப் பொறுக்கவில்லை. "கோயில் குளத்துல ஊரே காலை வெக்குது. அதுல யாராவது மருந்தா ஊத்துறாங்க?"

மஞ்சள் வைத்தியம்

சின்னச் சித்திக்கு மருந்தில் நம்பிக்கை இல்லை. காலைத் தொட்டியில் வைத்திருந்தவர், நான் துண்டு எடுக்கத் திரும்பிய நேரத்தில், பையிலிருந்த மஞ்சள்தூளை அள்ளி உள்ளே போட்டுவிட்டார். கிருமி சாகுமாம்! தொட்டித் தண்ணீரைச் சுழற்றும் மோட்டார் முக்கி முனகி நின்றேவிட்டது. கோபத்தை விழுங்கிக்கொண்டு வடிகட்டியைக் கழற்றி அவரிடமே நீட்டினேன். மஞ்சள் சேற்றோடு உதிர்ந்த தோலும் அழுக்கும் திரண்டிருந்தன. "இன்னாம்மா இது, இவ்ளோவும் என் கால்லருந்தா வந்துச்சு?"

அத்தை எழுந்தார்

கடைசியாக அத்தை. அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். காலைத் துடைத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் இடுக்கில் வெடிப்பு, சுற்றிலும் சிவப்பு. சர்க்கரை உண்டா என்று கேட்டேன். இருக்கிறதாம், ஆனால் வலியே தெரியவில்லையாம். சர்க்கரைக்காரர் காலில் வலி தெரியாததுதான் ஆபத்து. இந்தக் காலைத் தொட்டியில் வைக்க மாட்டேன், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். விருட்டென்று எழுந்து மொத்தக் கூட்டத்தையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார். என் கூட்டாளி வசந்தி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். "கல்யாண ஆர்டரும் போச்சு, இனிமே நீ அந்தத் தொட்டியையே கட்டிக்கினு அழு!"

கட்டுப் போட்ட கால்

அடுத்த வாரம் அத்தை மறுபடி வந்தார், காலில் கட்டோடு. உள்ளே புரையோட ஆரம்பித்திருந்ததாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரலுக்கே ஆபத்து என்றாராம் டாக்டர். வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸை என் கையில் வைத்தார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது, வசந்தி குதித்தேவிட்டாள். அத்தை சொன்னார்: "காசு குடுக்கறேன்னாலும் என் காலைத் தொடமாட்டேன்னு சொன்னவ நீ ஒருத்திதான். பொண்ணு காலை உன்னை நம்பித்தான் குடுப்பேன்."

எத்தனையோ கால்களைத் தேய்த்தும் வராத பெயர், தேய்க்க மறுத்த ஒரே ஒரு காலால் வந்து சேர்ந்தது.