எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்

எங்கள் ஊராட்சியின் கிராம சபைக் கூட்டங்களில் நான் பேசாமல் இருந்தது ஒரே ஒரு முறைதான். அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. அந்தக் கூட்டம் வெயில் ஏறுவதற்குள் முடிந்து, வடை சூடாக இருக்கும்போதே எல்லாரும் சாப்பிட்டார்கள் என்று என் மனைவி இன்னும் சொல்லிக் காட்டுவாள்.

வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் இருந்தவன் நான். எந்தப் பெட்டி எந்தத் தேதியில் உள்ளே வந்தது, எது முதலில் வெளியே போக வேண்டும் என்பதுதான் வேலை. ஓய்வு பெற்றபோது பெட்டிகள் அங்கேயே தங்கிவிட்டன, தேதிகள் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டன. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே எந்த ஏரிக்கு எப்போது மதகு கட்டினார்கள், எந்த நெல்வயலில் எப்போது மனை போட்டார்கள் என்று எழுதி வைப்பது அதன் பிறகு வந்த பழக்கம். மணிமங்கலம் கோயிலுக்குக் கல்வெட்டு பார்க்கப் போய், தரிசன வரிசையில் நின்றவர்களுக்கு விளக்கம் சொல்லி, வரிசை நகராமல் போனதும் உண்டு. ஊரில் என்னைத் 'தேதி சார்' என்பார்கள். அது மரியாதை என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டு மாடியில் மூன்று பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். மூவரும் தெற்கத்திப் பிள்ளைகள், சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் வேலை. அவர்களில் மூத்தவள் கோவில்பட்டிக்காரி. ஹாஸ்டலில் சேர்ந்து, அங்கே ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போவதற்குக்கூட வார்டனிடம் காரணம் சொல்ல வேண்டியிருந்ததால், தோழிகள் இருவரைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தவள். "மாடி ரூம்ல வெயில் கொன்னாலும் சாவி என் கையில இருக்குல்லா சார்" என்று குடிவந்த அன்று சொன்னாள்.

எங்கள் தெருவிலிருந்து கம்பெனி பஸ் நிற்கும் மெயின் ரோட்டுக்குப் போவது ஏரிக் கால்வாய்க் கரைப் பாதை. காலை ஷிப்டுக்கு விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். பாதையில் ஒரு விளக்குகூடக் கிடையாது. ஆடி மாத மழையில் மூவரில் இளையவள் கால் வழுக்கிக் கால்வாய்க்குள் விழுந்து, கணுக்கால் வீங்கிப் படுத்துவிட்டாள். செய்தி கோவில்பட்டிக்குப் போனது. மூத்தவளின் அண்ணன் போனில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான்: தீபாவளிக்குள் அந்தப் பாதைக்கு விளக்கு வந்தாக வேண்டும், வராவிட்டால் பழையபடி ஹாஸ்டலுக்குப் போய்விட வேண்டும்.

அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. வார்டு உறுப்பினர் வீட்டுக்கு நடையாக நடந்து, ஐந்து தெருவிளக்கு வேண்டும் என்பதைச் சுதந்திர தினக் கிராம சபையின் தீர்மானப் பட்டியலில் சேர்க்க வைத்துவிட்டாள். அவளுக்கு வாக்கு சொந்த ஊரில் இருந்தது. அதனால் என்னிடம் வந்தாள்.

"உங்களுக்கு இங்க ஓட்டு இருக்கு சார். கூட்டத்துக்கு வந்து கைய மட்டும் தூக்குங்க. அது போதும்."

போதும் என்பதில் ஓர் எச்சரிக்கை இருந்ததை நான் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து. கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானாவுக்குக் கீழே கூட்டம் தொடங்கியது. செயலர் தீர்மானங்களைப் படித்துக்கொண்டே வந்தார். கால்வாய்ப் பாதைக்கு ஐந்து விளக்குகள் என்றதும் பெண்கள் பக்கத்திலிருந்து, "போடுங்கப்பா, பாம்பு கீது அங்க" என்று குரல் வந்தது. தலைவர் தலையாட்டினார். ஜேசிபி வாடகைக்கு விடும் அவர் எதையும் சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்ப விரும்புகிற மனிதர். "யாருக்காச்சும் ஆட்சேபணை கீதா?" என்றார். யாருக்கும் இல்லை. கையைத் தூக்க வேண்டிய நேரம். நான் கையைத் தூக்கினேன். கூடவே எழுந்தும் விட்டேன்.

"ஆட்சேபணை இல்லை. சின்னத் திருத்தம்" என்று ஆரம்பித்தேன்.

பாதையின் நடுவில், புளியமரத்தடியில், பாதி புதைந்த ஒரு கல் இருக்கிறது. நாய்கள் மட்டும் மதிக்கிற கல். அது எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் எல்லைக்கல் என்பதைப் பழைய கிராம வரைபடத்தை வைத்து நான் கண்டுபிடித்திருந்தேன். கண்டுபிடித்ததைச் சொல்ல ஆள் கிடைக்காமல் பல மாதங்களாகக் காத்துக்கொண்டும் இருந்தேன். கல்லின் வரலாற்றைச் சொன்னேன். கால்வாய் வெட்டிய வரலாற்றையும் சொன்னேன். முடிவாக, "ஆகவே ஐந்து விளக்குகளில் இரண்டுதான் நம் ஊர் எல்லைக்குள் வரும். மற்ற மூன்றும் பக்கத்து ஊரின் எல்லையில் வரும். தீர்மானத்தின் வாசகம் பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

தலைவரின் முகம் மலர்ந்தது. என் பேச்சைக் கேட்டு ஒரு முகம் மலர்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கன்ஃபார்மா சார்?"

"வரைபடமே இருக்கிறது."

"அப்புறம் இன்னா? கிளார்க்கு, எழுதிக்கோ. அடுத்த ஊரு எல்லைன்னு சார் சொல்லிட்டாரு. நம்ம ஊரு துட்ட அடுத்தவன் ரோட்ல போட முடியாது. தீர்மானம் தள்ளி வெச்சாச்சு."

"நம் எல்லையில் வரும் இரண்டு?" என்றேன்.

"பாதி தூரம் வெளிச்சத்துல நடந்துட்டு மீதி இருட்டுல போனா கண்ணு இன்னும் தெரியாது சார். ரெண்டு போட்டு இன்னாத்துக்கு?"

கூட்டம் சிரித்தது. பக்கத்தில் இருந்தவர் என் முதுகில் தட்டி, "சார் பாய்ண்ட கரெக்டா புட்சாரு" என்றார். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், வீடு வரும்வரை எனக்குப் பெருமையாகவே இருந்தது.

வீட்டு வாசலில் கோவில்பட்டிக்காரி நின்றுகொண்டிருந்தாள். செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"ஏன் சார் எந்திச்சீய?"

"உண்மை பதிவாக வேண்டுமல்லவா..."

"கைய மட்டும்தான தூக்கச் சொன்னேன்? வாயத் திறக்கச் சொன்னேனா?"

உள்ளே என் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது கேட்டது. அவள் சிரிப்பை அடக்கும்போது அப்படித்தான் நிறுத்துவாள்.

செய்ததைச் சரிசெய்யப் பக்கத்து ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன், வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு. அங்கே தலைவர் ஒரு பெண்மணி. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். கல்லைப் பற்றி நான் சொன்னதை, என் வாழ்நாளில் யாருமே கேட்காத அளவுக்குப் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் கல்லுக்கு அந்தாண்ட இன்னா இன்னா கீதுண்ணா?"

"கால்வாய், ஒரு களத்துமேடு, மெயின் ரோடு ஓரத்தில் ஒரு குடோன்."

"அந்தத் தகர ஷீட்டு போட்ட பெரிய குடோனா? கார் சாமான் வந்து எறங்குதே, அதுவா?" அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "யோவ் கிளார்க்கு, அந்தக் குடோன் வரி எவனுக்குய்யா கட்டிகினு கீறான்?"

எங்கள் ஊராட்சிக்குத்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். குடோனைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அதற்கு வரலாறு கிடையாது, நேற்றுக் கட்டியது.

"விளக்கு..." என்றேன்.

"விளக்கு எங்கண்ணா போவப் போவுது? மொதல்ல குடோன பாப்போம்" என்று சொல்லி என் வரைபடத்தைப் பிரதி எடுக்க ஆள் அனுப்பினார்.

அந்த வாரமே குடோன்காரரிடம் அவர்கள் ஆள் வரி கேட்டுப் போய் நின்றார். குடோன்காரர் எங்கள் தலைவருக்குப் போன் போட்டார். எங்கள் தலைவர் என் வீட்டு வாசலில் வந்து வண்டியை நிறுத்தினார்.

"இன்னா சார் இது? லைட்டு வேணான்னு சொன்ன, சரி. இப்ப குடோனையும் தூக்கி அவங்கையில குட்த்துட்டு வந்துகிற?"

"நான் விளக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்..."

"கல்லு நவுந்திருக்கும் சார். என் ஜேசிபியே ரெண்டு தபா தட்டிருக்கும். நீ வர்ற கூட்டத்துல எழுந்து, முன்னாடி சொன்னது தப்புன்னு சொல்லிடு. மினிட்ஸ்ல ஏறிடட்டும். பாதை நம்மளுதுன்னு ஆயிடும்."

நான் பெட்டித் தேதியைக்கூட ஒருநாள் மாற்றி எழுதாதவன். முடியாது என்றேன். அப்போது மாடிப்படியிலிருந்து கோவில்பட்டிக்காரியின் குரல் வந்தது.

"பாதை உங்களுதுன்னா லைட்டும் நீங்கதான போடணும் தலைவரே? அஞ்சும் போட்டா சார் சொல்லுவாவ."

தலைவர் மேலே பார்த்தார். "யாரும்மா நீ? சாரோட பொண்ணா?"

"குடியிருக்கேன். லைட்டு வரலன்னா இருக்க மாட்டேன்."

தலைவர் கொஞ்சம் கணக்குப் போட்டார். பாதையில் விளக்கு நட்டுவிட்டால் அதுவே உரிமைக்கு அத்தாட்சி என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "அஞ்சு இன்னா, ஆறா போட்டுட்றேன். சார் சொன்னா போதும்" என்றார். இருவரும் என்னைக் கேட்காமலே என்னை விலை பேசி முடித்துவிட்டார்கள்.

பல நாட்கள் கொள்கையோடு இருந்தேன். கொள்கையோடு இருப்பவனுக்கு வீட்டில் காபி ஆறித்தான் வரும். ஒருநாள் டம்ளரை வைத்துவிட்டு மனைவி சொன்னாள்: "உங்க கல்லு எங்கயும் ஓடிப் போவாது. மாடியில இருக்கற பொண்ணுதான் போயிடுவா."

சரி என்று உட்கார்ந்து மறுப்புரை எழுதினேன். 'இதுவரை கிடைத்துள்ள சான்றுகளை மீள்பார்வை செய்ததில், எல்லை குறித்த எனது முந்தைய கூற்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டதாகக் கொள்ள இயலாது எனினும்...' கோவில்பட்டிக்காரி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல தப்புங்கற வார்த்தை எங்க சார் இருக்கு?"

காந்தி ஜெயந்திக் கூட்டம். இந்த முறை அவள் என்னைத் தனியே விடவில்லை. தோழிகளோடு வந்து கடைசியில் உட்கார்ந்திருந்தாள். தீர்மானம் வந்ததும் தலைவர் என்னைப் பார்த்தார். எழுந்தேன்.

"ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி இந்த மன்றத்தில் நான் சொன்னது..."

"எப்ப சார் இன்னா சொன்ன?" என்றார் முன்வரிசையில் ஒருவர். அவர்தான் அன்று முதுகில் தட்டியவர்.

யாருக்கும் நினைவில்லை. மறுப்பதற்காவது, சொன்னதை மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. கல்லில் ஆரம்பித்தேன். கால்வாய்க்குப் போனேன். இந்த முறை கோர்வையாக வந்தது. வரைபடத்தில் கல் இருக்கும் இடத்தைக் கையால் காற்றில் வரைந்தே காட்டினேன். முன்வரிசைத் தலைகள் மெல்ல ஆடத் தொடங்கின.

"அட, சார் சொல்றது கரெக்டா தானப்பா கீது?" என்றார் முதுகில் தட்டியவர்.

"ஆமா, எங்க அப்பாகூட அந்தக் கல்லத் தாண்டி மாடு வுட்டா சண்டதான்னு சொல்லுவாரு" என்றார் இன்னொருவர்.

தலைவரின் முகம் வெளுத்தது. செயலர் பேனாவை எடுத்தார். எனக்கோ, கடவுளே, மகிழ்ச்சியாக இருந்தது. இந்த ஊர் முதன்முறையாக என்னை நம்பியது. இன்னொரு வாக்கியம் பேசியிருந்தால் விளக்கு போயிருக்கும், குடோனும் போயிருக்கும்.

"சார்!" பின்னாலிருந்து ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது. "தப்புன்னு சொல்லுங்க சார்!"

கூட்டமே திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து நின்றிருந்தாள். இன்னார் என்று தெரியாததால் யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"ஆகவே," என்றேன். "நான் சொன்ன அத்தனையும் தவறு."

செயலர் அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் எழுதிக்கொண்டார். தீர்மானம் நிறைவேறியது. முதுகில் தட்டியவர், "இவ்ளோ நேரம் பேசிட்டு தப்புன்றாரு பாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அன்று மாலை பக்கத்து ஊர்த் தலைவர் அம்மாள் போன் செய்து, "இன்னாண்ணா, டீ எல்லாம் வாங்கிக் குட்த்தேன், இப்டி கவுத்துட்டியே" என்றார்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் கம்பங்கள் நட்டார்கள். ஆறு சொன்னவர் ஐந்துதான் நட்டார், ஆனால் ஐந்தும் எரிந்தன. பண்டிகைக்குத் தங்கையை ஊருக்கு அழைத்துப் போக வந்த அண்ணன், விடியுமுன் அவளோடு பஸ் நிறுத்தம் வரை நடந்து பார்க்க வேண்டும் என்றான். வீட்டுக்காரன் என்ற முறையில் நானும் போனேன். அவன் ஒவ்வொரு கம்பத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தான். புளியமரத்தடியில் நின்று கீழே குனிந்தான்.

"இது எல்லைக்கல்லு மாதிரில்லா இருக்கு. இங்கேருந்து எந்த ஊரு சார்?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது தம்பி," என்றேன்.

"சரி, எந்த ஊரா இருந்தா என்ன, வெளிச்சம் இருக்கு," என்றான் அவன். கம்பெனி பஸ் வந்தது. அவள் ஷிப்டுக்கு ஏறிக்கொண்டாள்.