மாப்பிள்ளை தொட்ட ஃபயர்வால்

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்பவர்கள் காயை உள்ளங்கையில் போட்டு உருட்டியே அது எந்தச் சரிவில் காய்த்தது, எந்த ஸ்டோரில் உலர்ந்தது என்று சொல்லிவிடுவார்கள். அதே ஆட்களைக் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றின் முன்னால் நிறுத்திப் பாருங்கள், அதுவரை இருந்த அறிவெல்லாம் எங்கே போகிறதென்று தெரியாது. பெட்டிக்குச் சந்தனம் வைப்பார்கள், குங்குமம் வைப்பார்கள். பிறகு சொந்தக்காரர்களில் யார் அதிகம் இங்கிலீஷ் பேசுகிறாரோ அவரிடம் அதை ஒப்படைத்துவிடுவார்கள். இந்த ஊர்க் கடைகளுக்குப் பல வருடமாக நெட்வொர்க் வேலை பார்ப்பவள் நான். இந்தப் பழக்கத்துக்கு மருந்து கிடையாது.

நான் பக்கத்துச் சிலமலைக்காரி. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் சர்வர்களோடு மல்லுக்கட்டிவிட்டு, கல்யாணமான பிறகு போடியில் வந்து உட்கார்ந்தேன். என் வேலை கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நடக்கும். படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கட்டளையைத் தட்டினால் பெட்டி கேட்கும், தப்பாகத் தட்டினாலும் அதே பணிவோடு கேட்கும். கடைக்காரர்களுக்கு இதைப் பார்த்தால் நம்பிக்கையே வராது. "என்ன ஆத்தா, படமே காணோம், சோலி நடக்குதா இல்லையா?" என்று தோளுக்குப் பின்னால் நின்று கேட்பார்கள். வண்ண வண்ணமாக ஏதாவது சுற்றிக்கொண்டிருந்தால்தான் வேலை நடப்பதாக அவர்கள் கணக்கு.

இப்படிக் கேட்பவர்களில் ஒரு முதலாளி. போடிமெட்டுக்கு மேலே அவருக்கு ஏலத்தோட்டம். தோட்டத்துக்குள்ளேயே பச்சைக்காயை உலர்த்தும் ஸ்டோர். அந்த ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா இருந்தார். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். ஸ்டோரை ஒட்டி ஓர் அறை கொடுத்திருந்தார்கள், அதுதான் வீடு. உலர்ந்த காய் மூட்டைகள் அந்த அம்மாவின் பொறுப்பில்தான் கிடக்கும். அவர் மேல் முதலாளிக்கு நம்பிக்கை உண்டு. எவ்வளவு நம்பிக்கை என்றால், போடிக் கடையில் உட்கார்ந்தபடியே இருபத்து நான்கு மணி நேரமும் அவரைப் பார்க்க ஸ்டோருக்குள் ஒரு கேமரா வேண்டும் என்று என்னைக் கூப்பிடுகிற அளவுக்கு.

கேமராவை மாட்டி, ஸ்டோரின் இன்டர்நெட்டுக்குக் காவலாக ஒரு ஃபயர்வால் பெட்டியும் வைத்துக் கொடுத்தேன். விஷயம் எளிது. ஸ்டோருக்கு வெளியுலகத்தில் ஒரே முகவரிதான். உள்ளே கேமரா, கம்ப்யூட்டர், போன் எல்லாவற்றுக்கும் தனித்தனி உள்முகவரி. வெளியிலிருந்து வருகிறவரை எந்த உள்முகவரிக்கு அனுப்புவது என்று வாசலில் நிற்கும் இந்தப் பெட்டிக்கு ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். முதலாளியின் டிவி வந்து தட்டினால் கேமராவுக்கு அனுப்பு என்று ஒரு வரி எழுதினேன். நான் கீழே போடியிலிருந்தே உள்ளே போய்ச் சரிபார்க்க இன்னொரு வரி. இரண்டையும் கோப்பில் சேமித்தேன். கடைச் சுவர் டிவியில் ஸ்டோர் தெரிந்தது. முதலாளி அதைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கப் பழகிவிட்டார்.

பிறகு அவர் மகளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனி. எங்கள் பக்கத்தில் புது மாப்பிள்ளை என்றால் சாமிக்கு அடுத்தபடி. அவர் தன் இலையில் தானே உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டால்கூட அதைச் சொல்ல மாமியாருக்கு வாய் வராது. அப்படிப்பட்டவர் தோட்டம் பார்க்க மலைக்குப் போனார், கேமராவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், பழையதைக் கழற்றிவிட்டுக் கையோடு வாங்கிவந்த புதுசை மாட்டினார். புதுக் கேமராவுக்குப் புது உள்முகவரி. வாசல் பெட்டியில் அதற்கொரு வரியைத் தட்டினார், தான் பெங்களூரிலிருந்து நுழைய ஒரு வரி தட்டினார், நான் நுழைகிற வரியை எடுத்துவிட்டார். டிவியில் படம் முன்னைவிடப் பளிச்சென்று வந்தது. "இனிமே நீ செரமப்பட வேணாம் ஆத்தா, மாப்ளை பாத்துக்கிருவாரு" என்று முதலாளி எனக்குப் போன் செய்தார். எனக்கு எரிச்சல் வந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் அன்று எந்தக் கருவியும் வேலை செய்யக் கூடாது. கவாத்துக் கத்தி, தராசு, தையல் மிஷின், லோடு ஜீப்பு எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்து ஓய்வு கொடுப்போம், மறுநாள்தான் தொடுவோம். ஸ்டோர் அம்மாவும் முறைப்படி எல்லாவற்றையும் செய்தார். சுவரில் மினுக்கிக்கொண்டிருந்த ஃபயர்வால் பெட்டியையும் அணைத்து, துடைத்து, பொட்டு வைத்தார். மறுநாள் தேங்காய் உடைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டார். பெட்டி எழுந்தது. போடிக் கடை டிவியில் மட்டும் படம் வரவில்லை.

முதலாளி மாப்பிள்ளையைக் கேட்டார். மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து நுழையப் பார்த்தார், கதவு திறக்கவில்லை. "யாரோ கை வச்சிருக்காங்க மாமா" என்றார். முதலாளி ஸ்டோர் அம்மாவுக்குப் போன் போட்டு, பெட்டியை அணைத்தாயா என்று கேட்டார். அவர் உள்ளதைச் சொன்னார், ஆமாம், அணைத்தேன் என்று. அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. காயைக் கடத்தத்தான் கேமராவை அணைத்திருக்கிறாள், அவள் வாயாலேயே ஒத்துக்கொண்டாள். அறையைக் காலி செய்து, அரிசி கொண்டுபோகிற ஜீப்பிலேயே கீழே இறங்கிவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

இவ்வளவும் நடந்த பிறகுதான் முதலாளிக்கு என் நினைவு வந்தது. "வெரசா வா ஆத்தா! அவ ஜீப்பு ஏறுறதுக்குள்ள படம் வரணும். என்னத்தக் கட்டிக் கொண்டுபோறான்னு கண்ணால பாக்கணும்ல!"

கடைக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தேன். மாப்பிள்ளை என்னை வெளியே தள்ளியிருந்ததால் உள்ளே போக முடியாது என்றுதான் நினைத்தேன். தட்டிப் பார்த்தால் பெட்டி உடனே கதவைத் திறந்தது. அப்போதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. விதிகளை வரிசையாகக் காட்டச் சொன்னேன். எல்லாம் என் பழைய வரிகள், மாப்பிள்ளையின் ஒரு வரிகூட இல்லை. முதலாளியின் டிவி வந்து தட்டும்போதெல்லாம் பெட்டி அதைப் பழைய கேமராவின் முகவரிக்கு ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்தது, காலி செய்த வீட்டுக்குத் தபால் போகிற மாதிரி.

மலையில் பெட்டி எந்த நிலையில் இருக்கிறதென்று கேட்க ஸ்டோர் அம்மாவைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் மேஜை மேல் வைத்தேன். அவர் என்னைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் கேரளத்தை ஒட்டிய அந்த மலையில் எந்தப் பெண்ணையும் சேச்சி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"லைட்டு எரியுது சேச்சி. நான் பூசைக்கு அணைச்சதுதான், பெறகு அதைத் தொடவே இல்ல. என் பிள்ளைக மேல சத்தியம்" என்றார்.

"தெரியும்க்கா. போனை வச்சிராதீங்க" என்றேன்.

என் கைப்பேசி இப்படிப் பேச்சில் இருக்க, முதலாளியின் கைப்பேசியில் மாப்பிள்ளையைப் பிடித்தேன்.

"நான் பக்காவா செட் பண்ணிட்டுத்தான் வந்தேன்க்கா. வொர்க் ஆச்சுல்ல?"

"ஆச்சு தம்பி. சேவ் பண்ணீங்களா?"

"அதெல்லாம் ஆட்டோமேட்டிக்கா ஆயிருக்கும்."

ஆகாது. கட்டளையில் தட்டுகிற வரி பெட்டியின் நினைவில் மட்டும் இருக்கும். கோப்பில் சேமிக்காவிட்டால், ஒரு முறை அணைத்துப் போட்டால் போதும், சுத்தமாகப் போய்விடும். பெட்டி பழையபடி கோப்பில் இருப்பதைப் படித்துக்கொண்டு எழும். இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கற்கிற பாடம் இது. இதைச் சொன்னதும் மாப்பிள்ளை, "அந்தம்மா ஆஃப் பண்ணாம இருந்திருந்தா பிரச்சினையே வந்திருக்காதே?" என்றார். படித்தவர் அல்லவா, தப்பு எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

முதலாளியிடம் அவருக்குப் புரிகிற மாதிரி விளக்கினேன். கேமராவை யாரும் அணைக்கவில்லை, மாப்பிள்ளை சேமிக்க மறந்த ஒரு வரிதான் காரணம், அந்த அம்மாவைப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். அவர் முதலில் கடைப் பையனை டீ வாங்க அனுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இது மாப்ளை காதுக்குப் போக வேணாம் ஆத்தா, மனசு சங்கடப்படுவாரு" என்றார். மாப்பிள்ளையிடம் இப்போதுதானே பேசினோம் என்றேன். "அதச் சொல்லல. அவராலதான்னு வெளிய தெரிய வேணாம்ங்கேன்."

"அப்ப அந்த அக்கா?"

"போகச் சொல்லியாச்சுல்ல. சொன்ன சொல்ல மாத்துனா லேபர் ஆளுக நம்மள மதிப்பாகளா? அதுவும் போக, அணைச்சது அவதான? நீ படத்தக் கொண்டா."

இந்த மனிதர் கோயில் கொடைக்கு முதல் ஆளாக நிற்பவர். வாயைத் திறந்தால் தர்மம் நியாயம் என்பார். ஸ்பீக்கர் திறந்திருக்கிறது, அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்புகூட அவருக்கு இல்லை. நான் போனை அப்போதே அணைத்திருக்கலாம். படம் வந்தால், மூட்டைகள் அப்படியே இருப்பதைப் பார்த்தால் மனம் மாறுவார் என்று ஒரு நப்பாசை. புதுக் கேமராவின் முகவரிக்கு வரியைத் தட்டினேன், சேமித்தேன். டிவி விழித்துக்கொண்டது.

மூட்டைகள் சுவரோரம் அடுக்கினபடி இருந்தன. வாசலை ஒட்டி அந்த அம்மா நின்றார், காலடியில் துணிமூட்டைகள், பக்கத்தில் பிள்ளைகள். முதலாளியின் கண் நேராகச் சுவரோரம் போனது. "எல்லாம் இருக்கு" என்று மூச்சு விட்டார். அப்படியும் போகாதே என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

"படம் வந்துருச்சா சேச்சி?" என்று போனில் கேட்டார் அந்த அம்மா. "முதலாளி பாக்குறாகளா?"

"பாக்குறாரு."

"அப்ப நல்லாப் பாக்கட்டும். குரங்கணியில எங்க அண்ணன் வீட்டுக்குத்தான் போறேன். நாளைக்கு ஒரு பேச்சு வந்துறக் கூடாது."

போனைத் திண்டில் வைத்துவிட்டுக் கேமராவுக்கு நேராக வந்து நின்றார். முதல் மூட்டையை அவிழ்த்தார். சட்டி பானைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் காட்டினார். அடுத்த மூட்டையில் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை. ஒவ்வொரு பையையும் வெளியே இழுத்து உதறினார். சின்னது அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கேமராவையே பார்த்தது. முதலாளி நாற்காலியை டிவிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது ஒரு மஞ்சப்பை. "அதுல என்ன?" என்று எழுந்தே விட்டார் முதலாளி. அந்த அம்மா பையை ஒரு தட்டில் கொட்டினார். பூஜைக்குப் படைத்த பொரியும் கடலையும், நமத்துப்போய்க் கிடந்தன.

"அடியில கையவிட்டுக் கிளறிக் காட்டச் சொல்லு ஆத்தா."

படத்தை நிறுத்த வரியை எடுத்துவிட்டால் மட்டும் போதாது, ஏற்கெனவே உள்ளே போய்க்கொண்டிருப்பதைப் பெட்டி வெட்டாது. ஆகவே எல்லா வரிகளுக்கும் மேலே, முதல் ஆளாக, கேமராவுக்குப் போகிற எதையும் விடாதே என்று ஒரு வரி தட்டினேன். டிவியில் அந்த அம்மாவின் கை தட்டின் மேல் அப்படியே நின்றது, பிறகு திரை கறுத்தது.

"என்ன ஆத்தா, போயிருச்சு?"

"மாப்பிள்ளையக் கேளுங்க" என்று மடிக்கணினியை மூடினேன். அவர் என்னவோ கத்தினார். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். மலையிலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"சேச்சி, இன்னும் ஒரு மூட்டை இருக்கு. பாக்குறாகளா?"

"யாரும் பாக்கலக்கா" என்றேன். "நீங்க கட்டிக்கிட்டுக் கெளம்புங்க."