கட்லர் தெருவின் பதினோரு நிமிடங்கள்

ஹார்லோ மில்ஸ் ஊரில் ஆர்லீன் கோயெட்டைப் பிடித்தவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். பள்ளிப் பேருந்து ஓட்டியவள். 1994-ல் ஊர் மன்றம் கதவைச் சாத்திக்கொண்டு பேசி, ஆற்றுப் பாலத்தை மூட முடிவு செய்தது. காலையில் பிள்ளைகளோடு போய்த் தடுப்புக் கட்டைமுன் நின்றபோதுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. மறுவாரமே, கேபிள் கம்பெனி ஊருக்கென்று ஒதுக்கித் தந்திருந்த எட்டாம் சேனலுக்குப் போய்க் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டாள்.

அன்றிலிருந்து இருபத்து மூன்று வருடம், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மன்றக் கூட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒளிபரப்பினாள். ஒரு நொடியும் வெட்டமாட்டாள். வெள்ளச் சேதம் பற்றிய பேச்சின் நடுவே மன்றத் தலைவர் டுவைட் மெரில் வாய் பிளந்து தூங்கியதை ஊரே பார்த்தது. அதற்குப் பிறகு டுவைட் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. அவளுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

ஊரில் பாதி வீடுகள் கேபிளைத் துண்டித்துவிட்ட பிறகு, சேனலைப் புதுப்பிக்க மன்றம் ட்ரென்ட் பாப்காக் என்பவனை நியமித்தது. முப்பத்து நான்கு வயது, பாஸ்டனிலிருந்து வந்தவன்.

"நாலு மணி நேரக் கூட்டத்தை எவன் உக்காந்து பாப்பான், ஆர்லீன்? எல்லாரும் போன்ல பாக்குறாங்க. மூணு நிமிஷம் குடுத்தா போதும்."

"எந்த மூணு நிமிஷம்னு முடிவு பண்றது யாரு? நீயா?"

"அதுக்குத்தான் என்னை வேலைக்கு வெச்சிருக்காங்க."

"ஓஹோ. முன்னாடி டுவைட் கதவைச் சாத்திக்கிட்டுச் செஞ்சதை, இப்போ நீ கதவைத் தொறந்து வெச்சுக்கிட்டுச் செய்யப்போறே."

"போன வாரம் உங்க ஒளிபரப்பை எத்தனை பேர் பாத்தாங்கன்னு கேபிள்காரன்கிட்ட கேட்டேன். சிரிச்சான்."

அவள் காபிக் கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் அவனுடைய விசைப்பலகை நனைந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை.

அக்டோபரில் ஒரு கூட்டத்துக்கு லியான் வோய்சிக் வந்தார். காகித ஆலையில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். சிறு வயதிலிருந்தே திக்குவாய். மன்றத்தில் அவர் பேசி யாரும் பார்த்ததில்லை. அன்று ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, தான் குடியிருக்கும் கட்லர் தெருக் குழாய்களில் எந்தெந்தத் தேதியில் பழுப்புத் தண்ணீர் வந்தது என்று வாசித்தார். டுவைட் இரண்டு முறை கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டியும் லியான் நிறுத்தவில்லை. பதினோரு நிமிடம். ஆர்லீன் கேமராவை அவர் முகத்தைவிட்டு நகர்த்தவே இல்லை.

ட்ரென்ட் அதிலிருந்து நாற்பது நொடியை வெட்டி இணையத்தில் போட்டான். 'த-த-தண்ணி' என்று அவர் போராடிய நாற்பது நொடி. வெள்ளிக்கிழமைக்குள் எட்டாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். கீழே கருத்துகள் குவிந்தன. "பெரியவர் நெட் சிக்குன வீடியோ மாதிரி பஃபர் ஆகுறாரு." "யாராவது அவரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கப்பா." எழுதியவர்கள் யாருக்கும் பெயர் இல்லை.

"எட்டாயிரம்! இந்தச் சேனல் பொறந்ததுலேர்ந்து இவ்வளவு பேர் பாத்ததில்ல," என்றான் ட்ரென்ட்.

"எடுத்துடு அதை."

"நான் எடுத்தாலும் ஊரெல்லாம் பரவிடுச்சு. அதுவும் நான் ஒண்ணும் பொய் போடலையே. அவர் பேசினதுதானே?"

ஆர்லீன் நேராக லியான் வீட்டுக்குப் போனாள். கதவு நாலு விரல்கடை திறந்தது.

"அ-அது உன் கேமராதானே?" என்றார்.

"வெட்டினது நான் இல்ல, லியான்."

"கே-கேமரா உன்னோடது." கதவு சாத்தப்பட்டது.

அவள் வாசற்படியில் நின்றாள். எத்தனையோ பேர் அவளைத் திட்டியிருக்கிறார்கள். ஒன்றுக்குக்கூடத் தூக்கம் கெட்டதில்லை. அன்று இரவு கெட்டது.

நான்கு நாள் கணினி முன் உட்கார்ந்து, அந்தப் பதினோரு நிமிடத்தின் ஒவ்வொரு வார்த்தையையும் படத்துக்கு அடியில் எழுத்தாகத் தட்டினாள். இணையத்தை அவள் அவ்வளவு நேரம் தொட்டது அதுவே முதல் தடவை. வழி தெரியாதபோது ட்ரென்டிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் உச்சுக் கொட்டிக்கொண்டே சொல்லித் தந்தான். "கட்லர் தெருத் தண்ணீர், முழுப் பேச்சு" என்று தலைப்பிட்டு ஏற்றினாள்.

பார்த்தவர்கள் நாற்பத்தொரு பேர்.

"நாப்பத்தொண்ணு," என்று ட்ரென்ட் மெதுவாகச் சொன்னான், அவள் காதில் விழும்படி.

ஆனால் அந்த நாற்பத்தொரு பேரில் பலர் கட்லர் தெருக்காரர்கள். ஒவ்வொருவரும் அதுவரை தங்கள் வீட்டுக் குழாய்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். லியான் சொன்ன தேதிகளைப் படித்ததும் அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். அடுத்த செவ்வாயன்று பத்தொன்பது பேர் ஜாடியும் கையுமாக வந்து, தலைவரின் மேசையில் வரிசையாக வைத்தார்கள். எல்லாவற்றிலும் தேநீர் நிறத்தில் தண்ணீர்.

"இது என்ன நாடகம்?" என்றார் டுவைட்.

"குடிச்சுப் பாரேன்," என்றாள் முதல் வரிசையில் நின்ற ஒரு பெண்.

டுவைட் கேமரா பக்கம் திரும்பி, "ஆர்லீன், அதை நிறுத்து!" என்று கத்தினார். பல வருடங்களுக்குப் பிறகு அவர் அவள் பெயரைச் சொன்னது அன்றுதான். அவள் நிறுத்தவில்லை.

அன்றே இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. கட்லர் தெருக் குழாயைத் தோண்டிப் பார்ப்பது ஒன்று. துண்டுப் படம் எது போட்டாலும் முழுக் கூட்டத்தையும் எழுத்தோடு கூடவே இணையத்தில் போட வேண்டும் என்பது மற்றொன்று. அது மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் தப்பித்தது. அந்தத் தட்டச்சு வேலை முழுவதையும் ட்ரென்ட் ஆர்லீன் தலையிலேயே கட்டினான். இப்போதும் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து, காகிதச் சீட்டில் எழுதி நீட்டித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

ஏப்ரலில் பனி உருகியதும் தெருவைத் தோண்டினார்கள். துருவேறி இறுகிப்போன பழைய இரும்புக் குழாய் வெளியே வந்தது. படமெடுக்கப் போன ஆர்லீன், லியான் தன் வீட்டு ஜன்னலில் நிற்பதைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். அவர் திரைச்சீலையை இழுத்து மூடினார்.

அவள் கேமராவைப் பள்ளத்தின் பக்கம் திருப்பினாள்.