பாக்கி நிற்கிறவர்கள்

கரும்பு வெட்டு ஜோடி வேலை. ஒருத்தர் கொடுவாளால் வெட்டிப் போட, இன்னொருத்தர் சோகையை, அதாவது காய்ந்த தோகையை, கழித்து அதையே கயிறாக முறுக்கிக் கட்டுக் கட்ட வேண்டும். நைனார்பாளையத்தில் நான் மேஸ்திரி. என் ஆட்களில் குஞ்சம்மாளும் அவள் புருஷன் சடையனும் ஒரு ஜோடி. கந்தசாமியும் அவன் பொண்டாட்டி செல்லியம்மாளும் இன்னொரு ஜோடி. தொண்ணூற்று மூணு ஆடியில் கூழ் ஊற்றின அன்றைக்கு, மேளம் எந்தத் தெரு வழியாகப் போவது என்று சண்டை வந்தது. கந்தசாமியின் கொடுவாள் சடையன் கழுத்தில் இறங்கிவிட்டது. கந்தசாமி ஜெயிலுக்குப் போனான்.

அதுக்கப்புறம் குஞ்சம்மாள் தூக்கத்தில் நடக்கிறவள் மாதிரி ஆகிவிட்டாள். கரும்புப் பூ வெள்ளையாக ஆடினால், அவரு துண்டை உதறுறாரு என்று நின்றுவிடுவாள். கல்வராயன் மலையிலிருந்து பனி இறங்கி வயலை மூடினால், அதுக்குள்ளே யாரோ வெட்டுகிற சத்தம் கேட்குது என்பாள். நானும் காது கொடுத்துப் பார்த்திருக்கிறேன். பனி சொட்டுகிற சத்தம்தான்.

எங்கள் ஜெப வூட்டுக்கு அவள் வந்தது சாமி கும்பிட இல்லை. அங்கே அழுதால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கடைசிப் பாயில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ராஜாங்கம், துக்கப்படுகிறவர்களை ஏசு பாக்கியவான்கள் என்று சொன்னதை எடுத்துப் பேசினார். படிக்காதவள் காதில் விழுந்தது 'பாக்கி' மட்டும்தான். எல்லாம் போனபின் மிச்சம் நிற்கிறவர்கள்.

ஆராதனை முடிந்ததும் போய்க் கேட்டாள்.

"ஏன் பாஸ்டரே, என்னைப் பாக்கி வச்சாரே, இன்னாத்துக்கு வச்சாரு?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், அது பாக்கி இல்லம்மா, பாக்கியம், கொடுத்து வைத்தவர்கள் என்று அர்த்தம் என்றார்.

"குடுத்து வச்சவளா நானு? அது எனக்கு ஒத்து வராது. நான் கேட்டதே இருக்கட்டும்."

பாஸ்டர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து அழுகை நின்றது என்று பொய் சொல்ல மாட்டேன். சோறு தின்ன ஆரம்பித்தாள். ஏசு என்னை எதுக்கோ பாக்கி வச்சிருக்காரு என்று சொல்லிக்கொண்டே வாய்க்கால் ஓரமாக நடப்பாள்.

தையில் வெட்டு தொடங்கியது. செல்லியம்மாளும் வந்து வரப்பில் நின்றாள். கொலைகாரன் பொண்டாட்டிகூட ஜோடி சேர மாட்டோம் என்று பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். வேற இடம் பாரு என்று நானும் சொல்லிவிட்டேன். சொன்னது நான்தான், மறைக்கவில்லை. அவள் திரும்பி நடந்தாள்.

"மேஸ்திரி, ஜோடி இல்லாம பாக்கி நிக்கிறது நானும் அவளுந்தான்," என்றாள் குஞ்சம்மாள். "அவ எனக்குக் கழிக்கட்டும்."

சரியென்று செல்லியம்மாளைத் திரும்பக் கூப்பிட்டேன். கொடுவாள் குஞ்சம்மாள் கையில். செல்லியம்மாள் அவள் பக்கத்தில் கழுத்தைத் தாழ்த்திக் கழிக்க வேண்டும். குஞ்சம்மாளின் முதல் வெட்டு மண்ணில் விழுந்தது. கண்ணை மூடினாள், உதடு அசைந்தது. அப்புறம் வெட்டினாள்.

பனிக்குள் ரெண்டு உருவம் குனிவதும் நிமிர்வதுமாக மிதந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றதில் நேரம் போனதே தெரியவில்லை.

வெயில் ஏறினபோது செல்லியம்மாள் தூக்கின கட்டு அவிழ்ந்து சரிந்தது. அடி வாங்கப் போகிறவள் மாதிரி நின்றாள்.

"இன்னாடி கட்டு இது, கொழந்தைக்கு அரணாக்கயிறு கட்டுன மாதிரி?" என்று குஞ்சம்மாள் கொடுவாளைக் கீழே வைத்தாள். கரும்பின்மேல் முட்டிக்காலை அழுத்தினாள். "இப்ப இழு."

செல்லியம்மாள் முறுக்கின சோகையைப் பிடித்து இழுத்தாள்.