உத்தனப்பள்ளிக்குத் திரும்பாத பஸ்

உலக வரலாற்றுத் தாளில் நான் இரண்டு முறை தோற்றவள். மற்ற தாள்கள் எல்லாம் எப்படியோ தேறிவிட்டன. இது ஒன்று மட்டும் தொண்டையில் சிக்கிய முள்ளாக நின்றது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. வரலாறு சேர்ந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. கணக்கு வராது, ஆங்கிலம் வராது, மிச்சம் இருந்தது அதுதான். ஆனால் முடித்தே ஆகவேண்டும் என்பதற்குக் காரணம் இருந்தது.

ஓசூர்ப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். லைனில் நிற்கும் பெண்கள் எல்லோரும் கான்டிராக்ட். சர்க்யூட் போர்டில் அரிசிமணியை விடச் சின்னதாக இருக்கும் பாகங்கள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றனவா என்று லென்ஸ் வழியாகப் பார்ப்பது என் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை உண்டு. தவறினால் கான்டிராக்டைப் புதுப்பிக்க மாட்டார்கள். எனக்கு லென்ஸுக்குள் பாகங்கள் லேசாக ஆட ஆரம்பித்திருந்தன. புதுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அறையில் ஓர் இடம் காலியாகப்போகிறது என்று பேச்சு. அந்த வேலைக்குக் கூர்மையான கண் வேண்டாம், டிகிரி வேண்டும். டிகிரிக்கும் எனக்கும் நடுவில் நின்றது இந்தத் தாள்.

பாடத்தின் தலைப்பைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஆதி வேளாண்மையிலிருந்து கடற்பயணங்கள் வரை உலகின் திருப்புமுனைகள். பத்தாயிரம் வருஷத்தை ஒரே மூச்சில் சொல்லச் சொன்னால் எங்கே போவது? ஒவ்வொன்றும் தனித்தனியாக நினைவிருக்கும். எதற்குப் பின்னால் எது வந்தது என்பதில் குழம்பிவிடுவேன். போன இரண்டு முறையும் அப்படித்தான் மண்ணைக் கவ்வினேன்.

படிக்க நேரம் கம்பெனி பஸ்ஸில்தான் கிடைக்கும். ஊத்தங்கரையில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். ஆனால் ஓடுகிற பஸ்ஸில் எழுத்தைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். அதனால் வீட்டில் படித்ததைப் பஸ்ஸில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். முதலில் முனகலாகத்தான் சொன்னேன். முன்சீட்டில் இருந்த அக்கா திரும்பிப் பார்த்தார்.

"இன்னாடி தனியா பேசிகினு வர? சொல்றத சத்தமா சொல்லு, நாங்களும் கேக்கறோம்" என்றார்.

அக்கா உத்தனப்பள்ளி. வீட்டில் தெலுங்கு, டிரைவரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். திட்டுவதற்கு மூன்றும். எங்கள் லைனின் முதல் மிஷினில் நிற்பவர் அவர். வெறும் போர்டின் மேல் ஈயப் பசையை அச்சடித்து அனுப்பும் மிஷின் அது. அதற்குப் பெயரே பிரிண்டர்தான். அங்கே பசை சரியாக விழவில்லை என்றால் பிறகு வைக்கும் எந்தப் பாகமும் ஒட்டாது. காலை ஷிப்டுக்குப் போகும்போது வழியில் உத்தனப்பள்ளியில் ஏறுகிறவர் எனக்கு முன்சீட்டில் எப்படி முதலிலிருந்து இருந்தார் என்று கேட்கலாம். நான் முதன்முதலாகச் சொல்ல ஆரம்பித்தது ஷிப்டு முடிந்து வீடு திரும்பும்போது.

மறுநாளிலிருந்து சத்தமாகவே சொன்னேன். பாட்டை நிறுத்தச் சொன்னதற்கு டிரைவர் முகத்தைச் சுளித்தார், அவ்வளவுதான். வரிசை மட்டும் அப்போதும் வரவில்லை. எழுத்துக்கு முன்னால் இரும்பைச் சொல்வேன், பேரரசுக்கு முன்னால் கப்பலை விடுவேன். கேட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கே பொறுமை போய்விட்டது.

"காலைல பஸ்ஸு ஊத்தங்கரையில கெளம்பி மத்தூரு, கிருஷ்ணகிரின்னு வருதில்ல. என்னிக்காச்சும் மாறி வருதா? ஒரு ஸ்டாப்பிங்குக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கோ. ஆளு ஏற ஏற கதையும் ஏறட்டும்."

சும்மா சொல்லக் கூடாது, அந்த யோசனைதான் என்னைத் தூக்கி நிறுத்தியது. நான் ஏறுகிற ஊத்தங்கரை வேளாண்மை. மனுஷர் அலைவதை விட்டு, விதையைப் போட்டுவிட்டு அது முளைக்கும் வரை காத்துக்கிடந்த காலம். மத்தூர் ஆற்றங்கரை நகரங்களும் எழுத்தும். நாலு பக்கமும் ரோடு பிரிகிற கிருஷ்ணகிரிக்கு இரும்பு, பேரரசுகள், அவர்கள் போட்ட சாலைகள். குந்தாரப்பள்ளியில் மாட்டுச்சந்தை கூடும் என்பதால் பட்டுப் பாதையும் வணிகர்களும். அங்கே ஏறுகிற பெண், "அப்ப நான் ஒட்டகத்துமேல வந்தவளா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவாள். சூளகிரி வந்ததும் பஸ் ஹைவேயை விட்டு இடதுபக்கம் திரும்பி உத்தனப்பள்ளிக்குப் போகும். அந்த ஊர் அச்சு இயந்திரம். நிற்கிற மிஷினே பிரிண்டர் என்பதால் அக்கா அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் கம்பெனி கேட். செல்போனைக் கொடுத்துவிட்டு, வெளியுலகத் தொடர்பு அறுந்து உள்ளே போகிற இடம். கப்பல் அங்கேதான் புறப்படும்.

அக்கா ஏறும்போதே, "என்னுது வந்துச்சு, சொல்லு" என்பார். ஜெர்மனியில் ஒரு பொற்கொல்லர் எழுத்துகளை ஈயத்தில் தனித்தனியாக வார்த்து, கோத்து, மை தடவி அழுத்தியதைச் சொல்வேன். ஈயம் என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிடும்.

"அவருக்கும் ஓரத்துல பிசிறு அடிச்சிருக்கும். தொடச்சு தொடச்சு கையே போயிருக்கும் பாரு" என்பார்.

கப்பல் கதையில்தான் எப்போதும் சண்டை. மிளகைத் தேடிப் புறப்பட்டவர்கள் வேறொரு கண்டத்தில் போய் இறங்கினார்கள், அங்கிருந்துதான் மிளகாயும் தக்காளியும் நம் பக்கம் வந்தன என்று சொன்னேன். தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே குடியிருக்கும் அக்கா ஒத்துக்கொள்ளவே இல்லை.

"தக்காளி இல்லாம என்னாத்த கொழம்பு வெச்சிருப்பாங்க? உன் புக்க எழுதினவன் சமையக்கட்டுப் பக்கமே போயிருக்க மாட்டான்."

அந்த வருஷக் கண் பரிசோதனையில் அக்கா தவறினார். பசையின் ஓரத்தில் விழுகிற பிசிறு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று எழுதிவிட்டார்கள். மாத முடிவில் தொப்பியையும் கோட்டையும் மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. நான் தேறியது எப்படி என்று எனக்கே தெரியாது. அடுத்த முறை தேற மாட்டேன் என்பது மட்டும் தெரிந்தது.

உத்தனப்பள்ளியில் அவரோடு ஏறிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் ஏற்கெனவே கம்பெனி ஹாஸ்டலுக்கு மாறியிருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை சூளகிரி வந்ததும் பஸ் திரும்பவில்லை, ஹைவேயிலேயே நேராகப் போனது. டிரைவரைக் கேட்டேன்.

"அங்க யாரும் இல்லம்மா. ரூட்ட எடுத்துட்டாங்க" என்றார்.

பஸ்ஸில் மற்றவர்களுக்குச் சந்தோஷம்தான். குறுகலான ரோட்டில் குலுங்க வேண்டியதில்லை, இன்னும் கொஞ்ச நேரம் தூங்கலாம். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. நான் பாட்டுக்கு என் பாடத்தைச் சொல்லிக்கொண்டு போனேன். முதல் சில நாட்கள் ஏதோ ஒன்று குறைவதாகத் தோன்றியது. அக்கா இல்லாததால்தான் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அப்படித் தோன்றுவதும் நின்றுவிட்டது.

தேர்வு கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில். அரசு வேலையில் இருப்பவர்கள், கைக்குழந்தையை வெளியே மாமியாரிடம் விட்டுவந்தவர்கள், போலீஸ்காரர் ஒருவர், நான். வினாத்தாளைத் திருப்பினால், ஆதி வேளாண்மை தொடங்கிக் கடற்பயணங்கள் வரையிலான திருப்புமுனைகளை வரிசைப்படுத்தி விளக்குக. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணை மூடி ஊத்தங்கரையில் பஸ் ஏறினேன்.

அன்றைக்குப் போல என் கை என்றைக்கும் ஓடியதில்லை. விதை விதைத்து, நகரம் கட்டி, இரும்பை உருக்கி, சாலை போட்டு, சந்தையில் பட்டு விற்று, கேட்டில் போய்க் கப்பல் ஏறினேன். ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. வெளியே வந்து இரண்டு பூரி செட் சாப்பிட்டேன்.

முடிவு வர மாதக்கணக்காயிற்று. பாஸ். இழுத்துப் பறித்து வாங்கிய பாஸ், ஒன்றிரண்டு குறைந்திருந்தால் போயிருக்கும். ஆனாலும் பாஸ். அடுத்த கண் பரிசோதனைக்கு முன்னாலேயே பயிற்சி அறைக்கு மனுப் போட்டு, அந்த வேலையும் கிடைத்தது. வீட்டில் கேசரி கிண்டினார்கள். பஸ்ஸில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். குந்தாரப்பள்ளிப் பெண், "ஒட்டகத்துக்கு இன்னொண்ணு" என்று கேட்டு இரண்டாக வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டேன். ராயக்கோட்டை ரோட்டில் ஒரு மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் கிரேட்டுகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. பயிற்சி அறை வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னேன்.

"அப்பாடி. கண்ணு போனாலும் இனி உன்ன யாரும் அனுப்ப முடியாது. அத நெனச்சுகினே இருந்தேன்" என்றார். பிறகு, பழைய வேகத்தில், "பஸ்ஸுல சொன்னதெல்லாம் வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சுக்கா. அதே கேள்விதான். ஒரு ஸ்டாப்பிங் விடாம எழுதினேன்."

"என்னுது? என்னுதுக்கு என்னா எழுதின? ஈயத்த உருக்கினத எழுதினியா?"

நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் எழுதியதை மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். குந்தாரப்பள்ளியில் சந்தை முடிகிறது. அடுத்த பக்கத்தில் கப்பல் நிற்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. அச்சு இயந்திரம் என்ற சொல்லைக்கூட நான் அந்தத் தாளில் எழுதவில்லை. எழுதாமல் விட்டோம் என்பதே இத்தனை மாதமாகத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

எனக்குப் பொய் சொல்ல வராது. வந்திருக்கலாம் என்று தோன்றிய சில சமயங்களில் அது ஒன்று.

"எழுதலக்கா" என்றேன். "விட்டுப் போச்சு. ஞாபகமே வரல."

அந்தப் பக்கம் கிரேட் சத்தம் நின்றது. யாரோ அவரைக் கன்னடத்தில் கூப்பிட்டார்கள், அவர்களை இருக்கச் சொன்னார்.

"நீயும் நேரா ஹைவேயிலயே போயிட்டியா?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவர் சரிபார்த்துக்கொள்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஆமாக்கா" என்றேன்.