தோணியை நிறுத்திய போன்

குளத்து நடுவில் தோணியை ஓரிடத்தில் நிறுத்துவது லேசான வேலையில்லை. நங்கூரம் போட்டால் மூழ்கிக் கிடக்கும் மரங்களில் சிக்கும். ஈயத்தில் செய்த பொய்மீனை நேர்கீழே இறக்கி ஆட்ட வேண்டும். தோணி நகர்ந்தால் தங்கூசி நூல் சரிந்துவிடும். விரால் திரும்பியும் பார்க்காது.

துடுப்புப் போட வந்தவன் என் மனைவியின் தம்பி; அவளை 'ராத்தா' என்று கூப்பிடுவான்.

"தோணிர மூக்கைக் காத்துக்கு நேரா வெச்சிக்க மச்சான்!" என்று காலையிலிருந்து கத்தினேன்.

"வெச்சிட்டுத்தானே இரிக்கன்!" என்றான். தோணி சுற்றிச் சுற்றி வந்தது. இரவுக்கு விரால் வரும் என்று மாமியிடம் வேறு சொல்லியிருந்தேன்.

திடீரென்று தோணி ஆணி அடித்தாற்போல் நின்றது. திரும்பினேன். அவனுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்த பெண் போனில். சிக்னல் அந்த இடத்தில் மட்டும்தான் போலும். காற்று தள்ளத் தள்ள, ஒற்றைக் கையால் துடுப்புப் போட்டு இம்மியும் நகராமல் நின்றான். எனக்கு முதல் விரால் ஏறியது.

"சரி, வெக்கட்டா?" என்றான் போனில்.

பதறிப்போனேன். "வெக்காத மச்சான்! ராத்தா எடுத்த கலியாணச் சாரி புடிச்சிரிக்கா எண்டு கேளு!"

கேட்டான். அந்தச் சண்டை அஸர் தொழுகை நேரம் வரை ஓடியது. கூடை நிறைந்தது.

போன மாதம் நிக்காஹ் முடிந்து அவன் பெண் வீட்டோடு போய்விட்டான். இனி அவளோடு போனில் கதைக்க என்ன இருக்கிறது? நிக்காஹ் பந்தலில் என் முகம் மட்டும்தான் தொங்கிக் கிடந்தது. மச்சான் பிரிகிற கவலையாக்கும் என்று நினைத்து மாமி ஆறுதல் சொன்னார்.