ஷார்ட்ஸ்டாப்பின் அம்மா

என் பையன் ஷார்ட்ஸ்டாப் என்று சொன்னால், ஆக்லாந்துத் தமிழர்களில் பாதிப் பேர் அது என்ன வேலை, ஐ.டி. வேலையா என்று கேட்பார்கள். மீதிப் பேர், பேஸ்பால் விளையாட்டு என்று நான் விளக்கியதும், "ஏன், கிரிக்கெட்ல இடம் கிடைக்கலையா?" என்பார்கள். பொங்கல் விழாவுக்குப் போனாலும் பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும் இதே கதைதான். ஆரம்பத்தில் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அலுத்துவிட்டது. "ஆமா, கிடைக்கல" என்று சொல்லிவிட்டு வடைத் தட்டோடு வேறு பக்கம் நகர்ந்துவிடுவேன்.

உங்களுக்கு மட்டும் ஒருமுறை சொல்கிறேன். பேஸ்பாலில் இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் ஒருவன் நிற்பான். வலதுகைக்காரர்கள் ஓங்கி அடிக்கும் பந்தில் பெரும்பகுதி அவன் பக்கம்தான் பாயும். ஓடிப்போய் அள்ளி, நிமிர்வதற்குள் மைதானத்தின் குறுக்கே எறிய வேண்டும். அணியில் யார் கெட்டிக்காரனோ அவனைத்தான் அங்கே நிறுத்துவார்கள். ஆக்லாந்தின் மேற்கே மாசி என்ற பகுதியில் நாங்கள் வீடு வாங்கிய புதிதில், பள்ளி நண்பன் ஒருவன் பின்னால் போய் என் மகன் அந்த விளையாட்டில் ஒட்டிக்கொண்டான். சேர்ந்த முதல் வருடமே அவனை அங்கே நிறுத்தினார்கள். அதிலிருந்து அமெரிக்கக் கல்லூரியில் உதவித்தொகை வாங்கிப் பட்டம் முடிக்கும்வரை அவன் வேறெங்கும் நின்றதில்லை. அந்த இடம் அவனுடைய சொந்த நிலம் என்றே நான் நினைத்திருந்தேன்.

கல்லூரி முடிந்ததும் ஒரு தொழில்முறை அணி அவனைச் சேர்த்துக்கொண்டது. பெரிய அணிக்குக் கீழே படிப்படியாகச் சின்ன அணிகள் இருக்கும். அதில் ஆகக் கீழ்ப்படி. சம்பளம் என்று பெயருக்கு ஒன்று. அது போதும், அந்த வாரம் முழுக்க என் கால் தரையில் இல்லை.

அங்கே போய்ச் சேர்ந்த ஒரு மாதத்தில் அவன் போனில் ஒரு விஷயம் சொன்னான். அவன் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவான், நான் தமிழில் பதில் சொல்வேன், எங்கள் வீட்டு வழக்கம் அது. அங்கே இரண்டாவது பேஸில் நிற்பவன் கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப்பாக இருந்தவனாம். மூன்றாவது பேஸில் நிற்பவனும் அப்படியே. தூரத்தில் புல்வெளியில் நின்று உயரப் பந்து பிடிக்கிறவனும் அதேதான். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நம்மூர் எஞ்சினியரிங் காலேஜின் முதல் நாள் இது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அவரவர் பள்ளியில் முதல் மார்க். முதல் செமஸ்டர் முடிந்தால் அவர்களில் யாரோ ஒருவன் கடைசி மார்க் வாங்கித்தான் ஆக வேண்டும். புரிந்தது, ஆனால் அது என் பையனுக்கும் பொருந்தும் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

சீசன் முடிவில் பயிற்சியாளர் அவனை உட்காரவைத்துப் பேசினார். கை பலமாக இருக்கிறது, தலை வேலை செய்கிறது, கால்தான் அரை அடி தாமதம். ஷார்ட்ஸ்டாப்பாக உனக்கு இங்கே இடமில்லை. கேட்சராக மாறுகிறாயா? மாறினால் மார்ச்சில் வந்து காட்டு, சரியாக வந்தால் வைத்துக்கொள்கிறோம், இல்லாவிட்டால் கைகொடுத்து அனுப்பிவிடுவோம். இவ்வளவுதான் பேச்சு. அவன் அக்டோபரில் வீட்டுக்கு வந்து, சூட்கேஸைக் கூடத்தில் வைத்துவிட்டு, சாப்பிடும்போது அதைச் சொன்னான்.

கேட்சர் என்றால், அடிப்பவனுக்குப் பின்னால் முகக்கூண்டு போட்டுக்கொண்டு ஆட்டம் முழுக்கக் குந்தி இருப்பவன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான் பிசியோதெரபிஸ்ட், நியூ லின்னில் ஒரு கிளினிக்கில் வேலை. முழங்கால் என்றால் என்ன, அது எப்படிப் போகும், போனால் திரும்பி வருமா என்பதெல்லாம் எனக்குத் தினசரிப் பிழைப்பு. நாளுக்கு அத்தனை முறை குந்தி எழுந்தால் முப்பது வயதில் மாடிப்படி ஏற முடியாது என்றேன். விரல் உடையும் என்றேன். நிற்கத் தெரிந்தவனைக் குந்தச் சொல்ல அவர்கள் யார் என்றும் கேட்டேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

என் கணவருக்கோ முகமெல்லாம் பல். இத்தனை வருடம் மகன் தன்னுடைய கிரிக்கெட்டை விட்டுவிட்டுப் போனதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு வருத்தம். அவர் திருச்சியில் கல்லூரி அணிக்கு விக்கெட் கீப்பர். கேட்சர் என்றதும் சாப்பாட்டுக் கையோடு எழுந்து, குந்தியிருந்து பந்து பிடிப்பதைச் சமையலறையிலேயே செய்து காட்டினார். எழுந்திருக்கத்தான் மேசைக் காலைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அன்று மகன் தமிழில் ஒன்று சொன்னான். அவன் தமிழில் பேசினால் நான் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பேன், அவ்வளவு அபூர்வம்.

"அம்மா, எனக்கு விளையாடணும். எங்க நிக்கணும்னு அவங்க சொல்லட்டும்."

மனதார ஒப்புக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் செய்வது என்று ஆகிவிட்டால் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. மறுநாள் காலையிலிருந்து அவனுடைய இடுப்பும் தொடையும் என் பொறுப்பு. கிளினிக்கில் நோயாளிகளிடம் காட்டும் தயவு எதையும் அவனிடம் காட்டவில்லை. வேலைக்குக் கிளம்புமுன் ஒரு சுற்று, வந்ததும் ஒரு சுற்று. அவன் பழைய கிளப்பிலிருந்து பந்து எறியும் மெஷின் ஒன்றை இரவல் வாங்கி வந்து கொல்லைப்புறப் புல்லில் நிறுத்தினோம். ஆக்லாந்தில் வசந்தம் என்பது பெயருக்குத்தான். பாதி நாள் மழை. மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு நின்றோம். சிட்டியில் ஆபீஸ் முடிந்து பஸ் இறங்கி வந்ததும் என் கணவர் சட்டை கூட மாற்றாமல் பாடம் நடத்த வந்துவிடுவார்.

பக்கத்து வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், மனதில் பட்டதைப் பளிச்சென்று கேட்கிறவர். ஒருநாள் வேலிக்கு மேலே தலை நீட்டினார்.

"படிச்ச பிள்ளை, ஏன் பின்வளவிலை நாள் முழுக்கக் குந்திக்கொண்டிருக்குது? சிட்டியிலை நல்ல வேலை கிடைக்கும்தானே?"

கிடைக்கும் அக்கா, மார்ச் முடியட்டும் என்றேன். "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. என் தங்கையும் அதையேதான் வாட்ஸப்பில் கேட்டாள், என் கணவரின் அண்ணனும் கேட்டார். ஆபீஸ் வேலை எப்போதும் இருக்கும். பந்துக்கு இந்த ஒரு மார்ச்தான். அவர்கள் துரத்தினால் துரத்தட்டும். முயற்சி செய்யாமல் அவன் திரும்பி வரக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

கோடை வந்ததும் சனிக்கிழமைகளில் கிளப் ஆட்டங்களில் அவனைக் கேட்சராக இறக்கினார்கள். பார்க்க அழகாக இருந்தது. ஒரு பந்தைக்கூட நழுவவிடவில்லை. ஆனால் எறிகிறவன் நல்ல இடத்தில் போட்ட பந்தையெல்லாம், கேட்சருக்குப் பின்னால் நிற்கும் நடுவர் செல்லாது, செல்லாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எறிகிறவன் முறைத்தான். இரண்டு சனிக்கிழமைகள் இப்படியே போயின. நடுவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றார் என் கணவர்.

நான் போனில் எடுத்த படத்தை வீட்டுக்கு வந்து மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். உடம்பு அசைவதைப் பார்ப்பதுதானே என் தொழில். பந்து கையில் வந்து விழும் ஒவ்வொரு முறையும் அவன் கை தோளை நோக்கிப் பின்னால் போனது, வெளிப்பக்கமும் கொஞ்சம் சாய்ந்தது. பிடித்த இடத்தில் பந்து நிற்கவே இல்லை. நல்ல பந்தைப் பிடித்து, தள்ளிப்போன பந்தாக்கி நடுவரிடம் காட்டிக்கொண்டிருந்தான்.

அது யாருடைய பாடம் என்று எனக்குத் தெரியும். விக்கெட் கீப்பர் அப்படித்தான் பிடிக்க வேண்டும். பந்தோடு கையைப் பின்னால் விட வேண்டும், இல்லாவிட்டால் துள்ளி வெளியே போய்விடும். "கை கொடுத்து வாங்கு, கை கொடுத்து வாங்கு" என்று இரண்டு மாதமாக அந்த மனிதர் கத்திக்கொண்டிருந்தது தெருக்கோடிவரை கேட்டிருக்கும். அமெரிக்காவில் பிறந்த எந்தப் பையனும் செய்யாத தப்பு. எங்கள் வீட்டில் மட்டும்தான் அதைக் கவனமாகச் சொல்லிக் கொடுத்து, நன்றாக வரும்வரை பழக்கியிருந்தோம்.

படத்தைக் காட்டியதும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தான் எத்தனை ஆட்டம் கீப்பராக நின்றேன், எத்தனை கேட்ச் பிடித்தேன் என்று ஆரம்பித்தார். வீட்டில் பெரிய சண்டை. இங்கே பிடிப்பது பெரிதில்லை, பிடித்த இடத்திலேயே நிறுத்திக் காட்டுவதுதான் பெரிது என்று நானும் கத்தினேன். மகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் அவர் குரல் இறங்கிவிட்டது.

"அப்போ நான் சொல்லிக் குடுத்ததெல்லாம் வீணா?"

இல்லையப்பா, ஒரு பந்தைக்கூட நான் விடவில்லையே, அது நீங்கள் கொடுத்தது என்று மகன் ஆங்கிலத்தில் சொன்னான். அவர் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். எனக்குப் பாவமாக இருந்தது, ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. ஜனவரி, பிப்ரவரி முழுக்க மணிக்கட்டை இறுக்கி, முழங்கையை ஒட்டவைத்து, பழகியதை மறக்கவைத்தேன். புதிதாகப் பழகுவதைவிட அது கஷ்டம். என் கணவர் மெஷினில் பந்து போட்டுக்கொடுத்தார். எப்போதாவது கை பின்னால் போனால் தொண்டையைச் செருமுவார், அவ்வளவுதான்.

மார்ச்சில் அவன் போனான். அங்கே முகாம் முடியும் நாட்களில் காலையில் உடை மாற்றும் அறை வாசலில் ஒருவர் வந்து நிற்பாராம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். கூப்பிட்டால் மட்டும் போன் செய்கிறேன் என்றிருந்தான். அந்த வாரம் முழுக்கப் போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நோயாளியின் காலைப் பிடித்துக்கொண்டு எதை நீட்டச் சொன்னேன் என்பதையே மறந்து நின்றேன். சனிக்கிழமை காலை போன் அடித்தது, அவன்தான். எடுக்கவே பயமாக இருந்தது. கூப்பிடவில்லை அம்மா, என்னை வைத்துக்கொண்டார்கள் என்றான். என் கணவர் போனை என் கையிலிருந்து பிடுங்கி, "கை நின்னுச்சாடா?" என்று மட்டும் கேட்டார்.

அங்கே மாலை ஆட்டம் என்றால் இங்கே மறுநாள் மத்தியானம். கிளினிக்கில் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் பார்த்தேன். அவன் இரண்டாவது கேட்சர். சீசன் தொடங்கி மூன்றாம் நாள்தான் இறக்கினார்கள். ஷார்ட்ஸ்டாப்பில் புதிதாக ஒருவன் நின்றான், கல்லூரியிலிருந்து நேராக வந்தவன், என் மகனோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன். எதிரணிக்காரன் ஒருவன், பந்து அடிபடும்வரை காத்திராமல், இரண்டாவது பேஸைத் திருட ஓடினான். என் மகன் எழுந்த வேகத்திலேயே எறிந்தான். பந்து நேராக அந்தப் புதுப் பையன் கைக்குப் போனது, ஓடியவன் ஆட்டமிழந்தான். எல்லாரும் அந்தப் பையன் முதுகில் தட்டினார்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பையனைப் பார்த்து வயிறு எரிந்ததும் உண்மை.

ஜூன் மாதம் அந்தப் பையனையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்கள். இனிமேல் நீ இரண்டாவது பேஸ். அவன் தாங்கிக்கொண்டானாம், அவனுடைய அம்மாதான் தினமும் போனில் அழுகிறாராம். நீங்கள் ஒருமுறை பேசுகிறீர்களா அம்மா என்று என் மகன் கேட்டான். எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம்? இருந்தாலும் பேசினேன்.

ஏதோ சின்ன ஊர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். மழை, வெயில், பிள்ளைகளின் சாப்பாடு எல்லாம் பேசினோம். என் ஆங்கிலம் அவருக்குப் பாதி புரிந்தது, அவருடையது எனக்குப் பாதி. பிறகு கேட்க வந்ததைக் கேட்டார்.

"மறுபடியும் அவனை ஷார்ட்ஸ்டாப்ல நிக்க வைப்பாங்களா?"

அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. மகனிடம் கேட்டால் அவன் மனம் நோகும், கணவரிடம் கேட்டால் நான் உடைந்துவிடுவேன். ஆறுதலாக ஏதாவது சொல்லிவைக்கலாம், காசா பணமா. ஆனால் முழங்கால் போய் வருகிறவர்களிடம் நான் பொய் சொல்வதில்லை.

"மாட்டாங்க," என்றேன். "என் பையனையும் நிக்க வைக்க மாட்டாங்க."

சொன்ன பிறகுதான் அது என் காதிலும் விழுந்தது. அந்தப் பக்கம் அவர் அழுதார், இந்தப் பக்கம் நான் அழுதேன். இருவரும் மூக்கைச் சிந்திக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நாளைக்கு உங்க பையன் ஆடுறானா?" என்று கேட்டார்.

"ஆடுறான்," என்றேன். "உங்க பையனும் ஆடுறான்."